நெசவாளியின் "மூளை", மீனவரின் குழம்பு!
கோடை விடுமுறையில் பிரெஞ்சு மக்கள் தேடிச் சாப்பிடும் ஊர்ப் பலகாரங்கள்

பிரெஞ்சு சாப்பாடு என்றதும் வெள்ளை மேஜை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, விலை உயர்ந்த ஒயின் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் கோடை விடுமுறையில் அந்த நாட்டை ரயிலில் சுற்றி வருகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு சாப்பாடு. அது நெசவாளிகளும் மீனவர்களும் விவசாயிகளும் வயிற்றுப்பாட்டுக்காகச் சமைத்தது.

அந்தச் சாப்பாட்டைத் தேடிப் போக ஏழைத் தொழிலாளிக்கு வழி பிறந்த ஆண்டு 1936.

சம்பளத்துடன் விடுமுறை

அதற்கு முன்பு பெரும்பாலான தொழிலாளர்களுக்கு, லீவு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். 1936-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் லட்சக்கணக்கானோர் ஆலைகளுக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதமர் லெயோன் பிளூம் அரசு ஜூன் 20-ந் தேதி சட்டம் கொண்டு வந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளத்துடன் விடுமுறை!

துணை அமைச்சர் லெயோ லக்ராஞ்ச் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை வாங்கிக் கொடுத்தார். ரயிலுக்கும் வசதி இல்லாதவர்கள் இருவர் மிதிக்கும் சைக்கிளில் கிளம்பினார்கள். பலர் கடலைப் பார்த்ததே அப்போதுதான். 1982 முதல் இந்த விடுமுறை 5 வாரமாக உள்ளது.

பட்டு நகரம்

பாரீசிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் வருவது லியோன் நகரம். பட்டு நெசவுக்குப் பெயர் போன ஊர். நியாயமான கூலி கேட்டு 1831-ல் கிளர்ச்சி செய்தவர்கள் இந்த ஊர் நெசவாளிகள்.

இங்கே "நெசவாளியின் மூளை" என்று ஒரு பண்டம் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மென்மையான பாலாடைக்கட்டியில் பூண்டு, வெங்காயம், பச்சிலை, எண்ணெய், வினிகர் சேர்த்துக் கடைவதுதான் அது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள்.

விற்காத மீன்

அடுத்து மார்செய் துறைமுகம். நல்ல மீன்களை விற்றுவிட்டு, முள் அதிகமாக இருப்பதால் விலை போகாத மீன்களை மீனவர்கள் குழம்பு வைத்தார்கள். அதுதான் "புயாபெஸ்". முதலில் குழம்பும் ரொட்டியும், பிறகு மீன் துண்டுகளும் வரும்.

கழிவு மீனில் பிறந்த அந்தக் குழம்புக்கு இன்று விலை அதிகம். எத்தனை வகை மீன் போட வேண்டும் என்று 1980-ல் அந்த ஊர் ஓட்டல்காரர்கள் சிலர் கூடி விதியே எழுதி வைத்தார்கள்!

கடலை மாவு அடை

கிழக்கே நீஸ் நகரில் விலை மலிவான "சோக்கா" கிடைக்கும். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். கரைத்த மாவைப் பெரிய தாம்பாளத்தில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத் தூள் தூவி, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். கையால் பிய்த்துச் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

நாட்டின் மேற்கு மூலையில் உள்ள பிரெத்தாஞ் பகுதி மண்ணில் கோதுமை சரியாக விளையவில்லை. அங்கே விவசாயிகள் "பக்வீட்" என்ற தானியத்தை மாவாக்கி, நம் தோசை போல இரும்புக் கல்லில் மெல்லிசாக வார்த்தார்கள். நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மடித்துக் கொடுக்கும் இந்த "கலெத்" இப்போது நாடெங்கும் கிடைக்கிறது.

கரும்பலகையைப் பாருங்கள்!

குறைந்த பணத்தில் ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க எளிய வழி உண்டு. பிரான்சில் ஓட்டல்கள் விலைப் பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும். பகல் நேரத்தில் பல கடைகளில், "இன்றைய சாப்பாடு" என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். சாப்பாட்டுடன் ரொட்டிக்கும் ஜாடித் தண்ணீருக்கும் தனிக் காசு கிடையாது. பாட்டில் தண்ணீர் கேட்டால்தான் பணம்.

பகல் ஒரு மணிக்கு அந்தக் கடைக்குள் போனால், பக்கத்து மேஜையில் உள்ளூர்க் கொத்தனாரும் குமாஸ்தாவும் அதையே சாப்பிட்டுக் கொண்டிருப்பார்கள். ஆகஸ்டு மாதம் வந்ததும் அவர்களும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வேறொரு ஊர்ச் சாப்பாட்டைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். சம்பளம் வீட்டுக்கு வந்து கொண்டிருக்கும்.