பறந்து வந்த பூதம்!

டாங்கியையும் விழுங்கும் விமானம்

1965-ம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்சு நாட்டில், பாரீஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள லெ பூர்ஷே விமான நிலையம். அங்கே விமானக் கண்காட்சி நடந்து கொண்டு இருந்தது.

அதில் ஒரு ராட்சத விமானம் வந்து நின்றது. மேல்நாட்டு நிபுணர்கள் அசந்து போனார்கள். இப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது!

அதுதான் சோவியத் நாட்டின் "ஆன்டேய்" விமானம். கீவ் நகரில் ஆன்டனோவ் என்ற நிபுணரின் குழு அதை உருவாக்கியது. அது முதன்முதலில் பறந்து 4 மாதம்கூட ஆகவில்லை.

எவ்வளவு பெரிது?

ஓர் இறக்கை நுனியில் இருந்து மறு நுனி வரை 211 அடி. நீளம் 190 அடி. 80 டன் சுமையைத் தூக்கும். வால் பக்கம் உள்ள கதவைத் திறந்தால், டாங்கியும் லாரியும் நேராக உள்ளே ஏறிவிடும்!

எந்திரங்கள் 4. ஆனால் விசிறிகள் 8! ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு விசிறிகள். ஒன்று வலமாகச் சுழன்றால், மற்றது இடமாகச் சுழலும். முன் விசிறி சுழற்றிவிடும் காற்றை, பின் விசிறி வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும். ஓர் எந்திரத்தின் பலம் 15 ஆயிரம் குதிரை சக்தி.

கரடுமுரடான மண் தரையிலும் இறங்குவதற்காக, அடியில் 12 பெரிய சக்கரங்கள்.

1968-ல் அமெரிக்காவின் "கேலக்சி" பறக்கும் வரை, இவ்வளவு எடையுடன் கிளம்பக்கூடிய விமானம் வேறு இல்லை.

பூமித்தாயின் மகன்

"ஆன்டேய்" என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் பூதத்தின் பெயர். அவன் பூமித்தாயின் மகன். கால் தரையில் பட்டால், அவனுக்குப் புதுப் பலம் வரும். தரையை விட்டுத் தூக்கினால், பலம் போய்விடும்.

கடலில் மறைந்தது

போருக்காகச் செய்த இந்த விமானம், கண்ணீர் துடைக்கவும் பறந்தது. 1970-ம் ஆண்டு மே 31-ந் தேதி, தென் அமெரிக்காவில் பெரு நாட்டைப் பூகம்பம் உலுக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களுக்கு உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு "ஆன்டேய்" விமானங்கள் புறப்பட்டன.

ஜூலை 18-ந் தேதி அவற்றில் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே மறைந்தது. அதில் இருந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. பூமித்தாயின் மகனுக்குக் கால் ஊன்ற அங்கே தரை இல்லை!

இன்று ஜெர்மனியில் ஸ்பேயர் நகரக் காட்சிச் சாலையில் ஓர் "ஆன்டேய்" நிற்கிறது. குழந்தைகள் அதன் உள்ளே ஏறி, அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் வயிறு டாங்கி மட்டும் அல்ல, பசித்தவர்களுக்கு உணவும் சுமந்த வயிறு.