சஃபாரி போகிறீர்களா? சாலட்டில் ஜாக்கிரதை!

கென்யாவின் மாசாய் மாராவுக்கோ தான்சானியாவின் செரெங்கெட்டிக்கோ கிளம்புகிறவர்கள் விசாவுக்கு அடுத்தபடியாகக் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றித்தான். வரிக்குதிரைக் கறியையும் முதலைக் கறியையும் தட்டில் வைத்துவிடுவார்களோ என்று பலருக்கு உள்ளூரப் பயம். கென்யாவில் அந்தப் பயம் வேண்டாம்; 1977-லேயே அங்கே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். நைரோபியில் ஓரிரு உணவகங்களில் கிடைக்கும் முதலை, தீக்கோழி இறைச்சி எல்லாம் பண்ணையில் வளர்த்தவை. காட்டு மான் கறியைச் சாதாரணமாகப் பரிமாறுவது தென்னாப்பிரிக்காவில்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமையல் நம் வயிற்றுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது வயிறு கெட்டிருந்தால், பெரும்பாலும் பழி வர வேண்டியது நாம் சந்தேகமே படாத சாலட், ஐஸ், நேரம் தவறிய சாப்பாடு இவற்றின் மேல்தான்.

தட்டில் என்ன வரும்?

உள்ளூர்க்காரர்களின் அன்றாடச் சாப்பாடு உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறி இறக்குவது. நம் களியைப் போலவே கையால் உருட்டி, குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கூடவே சுகுமா விக்கி என்ற கீரை வதக்கல், தேங்காய்ப்பால் சேர்த்த பீன்ஸ், மக்காச்சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி. சப்பாத்தி, சமோசா, பிலாவ் எல்லாம் உண்டு. 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதைப் பணிக்கு வந்த பஞ்சாபியரும், கடை வைக்க வந்த குஜராத்தியரும் அந்த மண்ணில் தங்கியதன் ருசி அது. இதனால் சைவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கீரையிலும் பீன்ஸிலும் இறைச்சிச் சாறு சேர்ப்பது சில இடங்களில் வழக்கம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கவும் கூடும். இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்வது நல்லது.

அசைவர்களுக்கு ந்யாமா சோமா: உப்பு மட்டும் தடவிக் கரியடுப்பில் நிதானமாகச் சுட்ட ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சி. மரப்பலகையில் வைத்து, உங்கள் எதிரிலேயே துண்டு போட்டுத் தருவார்கள். நன்றாக வெந்து சுடச்சுட வருவதால் கறியில் ஆபத்து குறைவு. பக்கத்தில் வைக்கும் கச்சும்பாரி இருக்கிறதே, பச்சைத் தக்காளி வெங்காயக் கலவை, அதைத்தான் கவனிக்க வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எந்தக் கத்தியால் நறுக்கினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? சாலையோரக் கடையில் அதைத் தொடாதீர்கள். தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு போதும்.

காட்டின் நேரமும் சர்க்கரை நோயாளியும்

சிங்கம் பார்க்க வேண்டுமானால் விடியும் முன்பே வண்டியில் ஏற வேண்டும். அப்போது கிடைப்பது ஒரு காபி, இரண்டு பிஸ்கட். காலைச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு மேல். சிறுத்தை ஒன்று மரத்தில் படுத்திருப்பதாக வயர்லெஸ்ஸில் தகவல் வந்துவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். மதியம் பஃபே, மாலை நான்கு மணிக்குத் தேநீரும் கேக்கும், இரவு எட்டு மணிக்கு நான்கு சுற்று விருந்து. நடப்பதற்கோ வழியில்லை, பூங்காவுக்குள் அனுமதித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்து, இத்தனையும் தின்றால் அஜீரணமும் மலச்சிக்கலும் வராமல் என்ன செய்யும்?

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த நேர மாற்றத்தைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வெறும் வயிற்றில் மருந்தை எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் வண்டியில் குலுங்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். குளுக்கோஸ், கடலை மிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும். கூடார முகாம்கள் பலவற்றில் மின்சாரம் சில மணி நேரம்தான்; இன்சுலினை எங்கே குளிரில் வைப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கவும் வேண்டாம். கென்யா 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை போட்டிருப்பதால், எஃகு பாட்டில் ஒன்றை எடுத்துச் சென்று விடுதியில் வடிகட்டிய நீரை நிரப்பிக்கொள்ளலாம். நல்ல விடுதிகள் ஐஸையும் அந்த நீரிலேயே செய்கின்றன. வழியோரக் கடையில் ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம்.

வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர். வெயிலும் சேர்ந்தால் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடக்கூடும். ஓட்டுநர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கே பத்திரமாக நிறுத்தலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் அடித்தாலோ கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள்.

மாத்திரைக்கும் சாப்பாடு உண்டு

மலேரியாத் தடுப்பு மாத்திரையில் அடோவாகுவோன்–புரோகுவானில் கொடுத்திருந்தால், சாப்பாட்டோடு அல்லது பாலோடு சாப்பிட வேண்டும். கொழுப்பு இல்லாமல் மருந்து சரியாக உடம்பில் சேராது. விடியற்கால வெறுங்காபியோடு அதை விழுங்காதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். அமிலத்துக்கான ஜெலுசில் வகை மருந்து, இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து டாக்சிசைக்ளினைச் சாப்பிட்டால் அது சரியாக வேலை செய்யாது.

கென்யா போய் வருகிறவர்களிடம் இந்தியாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும். இந்த ஊசி கோழி முட்டையில் தயாராவது. முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பருந்துக்கும் குரங்குக்கும் பங்கு

தான்சானியாவின் இங்கொரொங்கொரோ பள்ளத்துக்குள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், மேலே வட்டமிடும் கரும்பருந்து கையிலிருக்கும் கோழித் துண்டைப் பறித்துக்கொண்டு போகும். நகம் கிழித்துக் காயமும் ஆகும். வண்டிக்குள்ளேயே சாப்பிடுவது உத்தமம். கூடாரத்தில் முறுக்கு, பழம் எதையும் வைக்காதீர்கள். பபூன் குரங்கு ஜிப்பைத் திறக்கும்.

மாசாய் ஊர்களில் பால்

மாசாய் மக்களின் குடியிருப்புக்கு அழைத்துப் போகும்போது சுரைக்குடுக்கையில் பால் தரக்கூடும். காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமி இருக்கலாம். குடுக்கையை வாங்கி உதட்டருகே கொண்டுபோய், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடித்துவிட்டவர்களுக்கு வாரக்கணக்கில் கழித்துக்கூடக் காய்ச்சலும் மூட்டுவலியும் இரவு வியர்வையும் தொடங்கலாம். மலேரியாவும் பல மாதம் கழித்து வரக்கூடியதுதான். ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்ததையும் பச்சைப்பால் குடித்ததையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.