செங்கோலும் ஆயர்கோலும்

இன்று ஒரே நாடாக விளங்கும் ஜெர்மனி, 18-ஆம் நூற்றாண்டில் தூய உரோமைப் பேரரசின் கீழ் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. சில சிற்றரசுகளை ஒரே நாளில் நடந்தே கடந்துவிடலாம். தந்தையின் நாட்டை மகன்கள் பங்கிட்டுக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

இந்தச் சிற்றரசுகளுள் பலவற்றை ஆண்டவர்கள் ஆயர்கள் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் பேரரசரையே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்தனர். வரி வாங்கினார்கள், படை வைத்திருந்தார்கள். எனவே உயர்குடும்பங்கள் மூத்த மகனுக்கு அரியணையையும் இளைய மகனுக்கு ஆயர் பதவியையும் தேடின.

பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பத்தின் கிளமென்ஸ் அவுகுஸ்ட் இதற்குத் தகுந்த சான்று. 1719-இல், இருபது வயது நிரம்பும் முன்பே, முன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. பின்னர் கொலோன், ஹில்டெஸ்ஹைம், ஒஸ்னாபுரூக் ஆகியவையும் சேர்ந்தன. ஒருவர் பல மறைமாவட்டங்களை வைத்திருப்பதைத் திரிதெந்து பொதுச்சங்கம் தடைசெய்திருந்தும் இது நடந்தது. அவர் குருவாக அருள்பொழிவு பெற்றதோ 1725-இல்தான்! முதலில் ஆட்சி, பிறகுதான் அழைத்தல்.

ஒஸ்னாபுரூக்கின் கதை இன்னும் விந்தையானது. 1648-இல் ஏற்பட்ட வெஸ்ட்பாலியா உடன்படிக்கையின்படி அங்கே கத்தோலிக்கரும் பிரிந்த சபையினரும் மாறி மாறி ஆண்டனர். 1764-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகன் பிரெடெரிக் அதற்கு 'ஆயர்' ஆனபோது, அவர் ஆறு மாதக் குழந்தை!

இந்த அமைப்பு 1803-இல் சரிந்தது. ரைன் ஆற்றின் மேற்குக் கரையைப் பிரான்சு எடுத்துக்கொள்ள, அங்கே நிலம் இழந்த அரசர்களுக்குத் திருச்சபையின் நிலங்கள் ஈடாக வழங்கப்பட்டன. ஆயர்களின் அரசுகள் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்தன. பல துறவு மடங்கள் மூடப்பட்டன. எல்லாம் முடிந்தது என்றே அன்று பலர் கலங்கியிருப்பார்கள்.

ஆனால், முடியவில்லை. 1811-இல் முன்ஸ்டரில் ஓர் உயர்குடும்பத்தில் பிறந்தவர் வில்லெல்ம் கெட்டெலர். 1848-இல் மைன்ஸ் பேராலய மறையுரைகளில் ஏழைகளின் துயரைப் பேசினார். 1850-இல் மைன்ஸ் ஆயரான அவர், ஆலைத் தொழிலாளர்களின் நியாயமான கூலிக்காகவும் ஓய்வுக்காகவும் குரல்கொடுத்தார். முன்னைய மைன்ஸ் பேராயர்களுக்கு இருந்த நாடும் படையும் இவருக்கு இல்லை. ஆயினும் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் பற்றி வெளியிட்ட சுற்றுமடலுக்கு வழி அமைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அன்பார்ந்த இறைமக்களே! அந்த ஆயர்களைக் குறைகூறுவது எளிது. பங்கின் நிலமும் கட்டடமும் பதவியும் பற்றி நம் கூட்டங்களில் எவ்வளவு நேரம் பேசுகிறோம்? பங்கிலுள்ள கூலித் தொழிலாளியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறோம்? குருக்களாகிய நாங்களும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. நம் கையில் உள்ளதை எவரும் பறிக்கும்வரை காத்திராமல், இன்றே ஏழையின் பக்கம் திரும்புவோம்.