ரிமோட் விமானத்துக்கும் உண்டு ஆடியும் புரட்டாசியும்

சம்பாதி முருகனை வழிபட்ட தலம் என்று கழுகுமலைத் தலபுராணம் சொல்லும். தம்பி ஜடாயுவைச் சூரியனின் வெக்கையிலிருந்து காக்கப்போய் இறகு கருகிய கழுகு அது. கரிசல் காட்டில் ரிமோட் விமானம் விட நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டிய கதையும் அதுதான். சித்திரை மதியத்தில், பூட்டிய காருக்குள் கிடந்த ஃபோம் விமானத்தின் இறக்கை கோணிக்கொள்ளும். க்ளூ கன் வைத்து ஒட்டிய இடமெல்லாம் இளகிப் பிடி விட்டுவிடும்.

நடிகர் அஜித்குமாரால் இந்தப் பொழுதுபோக்கு தமிழ்நாட்டில் பரவலாகத் தெரியவந்தது. அவர் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆசை வந்தவர்களுக்கு நகரத்தில் இடம்தான் சிக்கல். கழுகுமலை இருக்கும் கோவில்பட்டி வட்டாரத்தில் அந்தக் குறை இல்லை; கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி. ஆனால், எப்போது விடுவது என்பதைக் காற்றும் மண்ணும் மழையும்தான் முடிவு செய்யும். சம்சாரி பார்க்கிற அதே பஞ்சாங்கம்தான் விமானக்காரருக்கும்.

காற்றின் கணக்கு

செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்றுதான் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை அதன் ஆட்சி. ஒரு கிலோ எடையுள்ள பழகுநர் விமானம் அந்தக் காற்றுக்கு எதிராக நகராமல் நிற்கும். திருப்பினால் கையை விட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அப்போது கரிசலில் இறங்கினால் மண் காலையே விடாது, விமானத்தின் சின்னச் சக்கரங்களை எங்கே விடப்போகிறது? அறுப்பு முடிந்து காடு காலியாகும் மாசிக்குப் பிறகு, காற்று எழும்பும் முன்பு உள்ள நாட்கள்தான் தோது. அதிலும் விடிந்த முதல் இரண்டு மணி நேரம்.

வெயில் ஏறினால் கறுப்பு மண் சூட்டை வாங்கி, மேலிருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே தள்ளும். பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமடிப்பது அந்த எழுகாற்றில்தான். கிளைடர் விடுகிறவருக்கு அது வரம்; பழகுகிறவரின் லேசான விமானத்தை அதே காற்று கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கிளம்புவதும் இறங்குவதும் எப்போதும் எதிர்காற்றில். புதியவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு: விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். அப்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், விமானம் நிமிர்ந்துவிடும்.

பாதி வேலை தரையில்

வாங்கிய விமானம் ஆனாலும் கையால் செய்தது ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது பாரம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எடை சமப்பட வேண்டும். முன்பாரம் கூடினால் மந்தமாகப் போகும், சமாளிக்கலாம். பின்பாரம் கூடினால் யார் கைக்கும் அடங்காது.

லிபோ பேட்டரிதான் அதிகக் கவனம் கேட்பது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ், 3.5-க்குக் கீழே இறங்கும் முன் தரைக்கு வந்துவிட வேண்டும். எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போவதும் கூடாது; அது தீப்பிடிக்கும் சாமான். தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆபீஸும் நிறைந்த வட்டாரத்தில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். அவற்றின் பக்கம் விமானம் விடவே வேண்டாம்.

கரிசல் புழுதி மாவு போல நைசானது. சர்வோவின் பற்சக்கரத்திலும் மோட்டார் பேரிங்கிலும் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் பிரஷ்ஷால் தட்டித் துடைக்க வேண்டும். சீமைக்கருவேல முள் குத்திய இடத்தில் டேப் ஒட்டினால் போதும். தெர்மோகோலில் ஃபெவிக்விக் பட்டால் அந்த இடம் கரைந்து குழியாகும். ஃபெவிகால் காய நேரமாகும், ஆனால் கெடுதல் செய்யாது. விளிம்பு சிதைந்த புரொப்பல்லரை மாற்றிவிட வேண்டும். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேட்டரி முதலில். சோதனைக்காக மட்டும், புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானே நின்றால்தான் அந்த விமானம் பறக்கத் தகுதியானது.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்கர் மேனார்ட் ஹில் சாட்சி. பால்சா மரத்தால் அவர் செய்த, 5 கிலோவுக்கும் குறைவான 'டாம்-5' விமானம், 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை சுமார் 3,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைக் கடந்தது. பறந்த நேரம் 38 மணி 52 நிமிடம். அப்போது ஹில்லுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

யாரிடம் கேட்க வேண்டும்?

2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, கண்பார்வைக்குள் மட்டும் பறக்கவிடப்படும் விமானங்களை 'மாதிரி' என்று தனியாகப் பிரித்து, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு தருகின்றன. 2 கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றி விடுவதற்கு பைலட் சான்றிதழும் தேவையில்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கும் மலையையும் பங்குனி உத்திரக் கூட்டத்தையும் விட்டு விலகி நில்லுங்கள்.

விதிப் புத்தகத்தில் இல்லாத அனுமதி ஒன்று பாக்கி. புரட்டாசியில் விதை விழுந்துவிட்டால் காடு முழுக்கச் சம்சாரியுடையது. உளுந்துக்குள் விமானம் விழுந்தால் நேரே குறுக்கே ஓடாதீர்கள். காட்டுக்காரரைக் கேட்டு, அவர் காட்டும் வழியில் போய் எடுங்கள். நொறுங்கிய ஃபோமை ஒட்டிக்கொள்ளலாம். மிதிபட்ட பயிர் அந்த வருஷம் போனதுதான்.