இரண்டு பைசாவும் தொண்ணூற்றெட்டு பைசாவும்



போன தை மாசம் எங்கள் ஊர் உழவர் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுக்குப் பின்னலாடை அனுப்புகிற கம்பெனி அது. பெயர் இங்கே தேவையில்லை. ஊர்க் குட்டையைத் தூர்வாரித் தருகிறோம், கரையில் 1,000 மரக்கன்று நட்டுத் தருகிறோம், பத்து விவசாயிகள் இயற்கை விவசாயத்துக்கு மாற ஒரு வருசம் உதவி செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது இரண்டே இரண்டுதான். குட்டைக்கரையில் கம்பெனி பெயரோடு பெரிய போர்டு வைக்க வேண்டும். திறப்பு விழாவன்று உழவர்கள் வந்து படத்துக்கு நிற்க வேண்டும்.

கேட்டால் நல்ல காரியமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு விசயம் புரிந்துவிடும். நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கம்பெனியில் இருந்தும் ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். எங்கள் குழுவில் மூத்தவர் எனக்கு மாமா முறை. அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "குட்டை மேடாகிப் பத்து வருசமாச்சு. சும்மா குடுக்கறாங்க, வாங்கிக்கலாமுங்க. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?"

நான் சொன்னேன்: "தானமா இருந்தாப் பாக்க வேண்டாமுங்க மாமா. இது தானமா, பாக்கியான்னுதான் எனக்குத் தெரியோணும்."

என் பையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. வரும்போது என் கிணற்றில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்திருந்தேன். எல்லார் முன்னாலும் வைத்துக் காட்டினேன். 2,900 காட்டியது. நல்ல மழை பெய்தால் 2,000-க்கு இறங்கும், சித்திரையில் 3,000-ஐத் தாண்டும். குடிநீருக்கு வேறு வழியே இல்லாவிட்டாலும் அதிகபட்சம் 2,000 என்பதுதான் இந்தியத் தர அளவு. எங்கப்பா இந்தக் கிணற்றை நம்பி மஞ்சளும் நெல்லும் பண்ணினார். நான் சோளத்தட்டும் தக்கைப்பூண்டும் விதைத்துக்கொண்டிருக்கிறேன்.

உப்பு எங்கிருந்து வந்தது?

புதிதாக விவசாயத்துக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டும் என்றால் சாயத் தண்ணீரில் உப்புக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறமாக இருந்தால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போடுவார்கள். சாயத்தை நூலுக்குத் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை. அது துணியில் தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் உப்பு அதிலேயேதான் இருக்கும்.

அந்தத் தண்ணீர் பல வருசம் நொய்யலில் போனது. ஈரோடு, கரூர்ப் பக்கம் சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாக மாறியது. அணையில் இருந்து தண்ணீர் விடச்சொல்லித்தான் உழவர்கள் போராடுவார்கள். "தயவு செஞ்சு தொறந்துவிடாதீங்க" என்று உழவர்கள் கேட்ட அணை இது.

ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாய ஆலைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அதே முடிவுதான். அப்புறமும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாய ஆலைகள் எல்லாவற்றையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன.

அப்போது வேலை இழந்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. என் அக்கா மகன் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறான். தொழில் அழிய வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் முடிந்தது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரில் இருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிற முறை பொது சுத்திகரிப்பு நிலையங்களில் வந்தது. ஆலைகள் திரும்ப ஓடின.

அந்தப் பொறுப்பு தானாக வரவில்லை. உழவர்கள் வழக்குப் போட்டதால் வந்தது. வந்தபோதும் மக்கள் வரிப்பணம்தான் முதலில் கைகொடுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, அதாவது சி.எஸ்.ஆர் என்று சொல்கிறார்களே, அது 2013-ம் வருசக் கம்பெனிகள் சட்டத்தில் 135-வது பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய வருசத்தில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருச சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவு செய்ய வேண்டும். தொழில் நடத்துகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

ஒரு ரூபாய் லாபத்தில் இரண்டு பைசா. நல்லதுதான். ஆனால் மீதித் தொண்ணூற்றெட்டு பைசாவை எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத மூன்று விசயங்களைக் கூட்டத்தில் சொன்னேன். ஒன்று, வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர் கணக்கில் காட்டக்கூடாது. கழிவுநீரைச் சுத்தம் செய்வது சட்டக் கடமை, சமூக சேவை இல்லை. இரண்டு, தங்கள் பொருளுக்கு விளம்பரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிற உதவியும் அந்தக் கணக்கில் சேராது. உரக் கம்பெனி, மருந்துக் கம்பெனி 'பயிற்சி' என்று ஊருக்குள் வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, ஒப்புதல் ஆன திட்டங்களைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும். யாரும் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பிரிவு கம்பெனிகளாகப் பதிவானவற்றுக்கு மட்டும்தான். கூட்டுப் பங்காளிகளாகவோ தனி முதலாளியாகவோ நடத்துகிற சாயப்பட்டறைக்குப் பொருந்தாது. துணியை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துச் சாயம் போட்டு வாங்குகிற இடத்தில், லாபம் ஓரிடத்திலும் உப்பு வேறிடத்திலும் நிற்கிறது. சட்டைக்கு விலை வைக்கிற கடைக்காரரோ கடல் தாண்டி இருக்கிறார். அவர் ஒரு டாலர் குறைத்தால் அந்தக் குறைவு ஏற்றுமதியாளர் வழியாகப் பட்டறைக்கு இறங்கி, கடைசியில் ஆற்றுக்கு வரும்.

கடல் தாண்டியும் இதே கதை

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவை ஆயத்த ஆடை ஆலைகள். 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் வேலைக்கு வரச்சொன்னார்கள். அங்கே இருந்த ஆலைகளில் இரண்டில் ஏற்கெனவே சமூகப் பொறுப்புத் தணிக்கை நடந்திருந்தது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது, தூண் சரியாக இல்லை.

அதற்குப் பிறகு தொழிற்சங்கங்களும் வாங்குகிற பெரிய நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மீறினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய ஒப்பந்தம். கட்டடங்களைப் பொறியாளர்கள் நேரில் பார்த்து, குறைகளைப் பெயரோடு வெளியிட்டார்கள். 2017-ல் பிரான்சும், 2023 முதல் ஜெர்மனியும், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருகிற இடங்களில் நடக்கும் கேட்டையும் கவனிக்க வேண்டும் என்று சட்டம் வைத்தன. நம் உச்ச நீதிமன்றம் 1996-லேயே வேலூர்த் தோல் ஆலை வழக்கில் இன்னும் நேராகச் சொல்லிவிட்டது: கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், பாழான மண்ணைச் சீர்செய்கிற செலவும் அவருடையதே.

நாங்கள் எழுதிய பதில்

கம்பெனித் தம்பி சொன்னார், "இப்ப நாங்க ஒரு சொட்டுக்கூட வெளிய விடறதில்லீங்கண்ணா."

"ரொம்ப சந்தோசம் தம்பி. அதையே எழுத்தில் குடுங்க" என்றோம்.

பிறகு நான்கு கேட்டு எழுதினோம். ஒன்று, குட்டைக்கரைப் போர்டில் கம்பெனி பெயருக்குக் கீழே பக்கத்துக் கிணற்றின் டிடிஎஸ் அளவையும் எழுத வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு, எந்தெந்தப் பட்டறையில் சாயம் போடுகிறீர்கள் என்ற பட்டியலும், அங்கே எடுத்த கழிவுநீர்ப் பரிசோதனை நகலும் எங்கள் குழுவுக்கு வர வேண்டும். மூன்று, இந்த உதவியை வாங்குவதால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஈடு கேட்கிற எங்கள் உரிமை போகாது என்று எழுதித்தர வேண்டும். நான்கு, இயற்கைக்கு மாறுகிற பத்துப் பேருக்கும் விதையும் இடுபொருளும் எங்கள் கையில்தான் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்றாவதும் நான்காவதும் சம்மதம். போர்டில் கிணற்று அளவு எழுதுவது 'நோக்கத்துக்குப் பொருந்தாது'. பட்டறைப் பட்டியல் 'வியாபார ரகசியம்'.

பட்டியல் வராமல் கையெழுத்து இல்லை என்று முடிவெடுத்தோம். பன்னிரண்டில் ஏழு பேர் சம்மதம். மாமா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, மழை வந்தால் குட்டையில் தண்ணீர் நிற்க வேண்டுமே. தாசில்தாரிடம் அனுமதி வாங்கி, வண்டல் மண்ணை நாங்களே அள்ளிக் காட்டுக்கு அடித்தோம். டிராக்டர் வாடகையைப் பங்கு போட்டோம். ஆடிக்குள் பாதிக் குட்டைதான் முடிந்தது. மீதிப் பாதி இன்னும் மேடாகவே இருக்கிறது. வழியில் பார்க்கும்போதெல்லாம் மாமா கேட்கிறார், "என்னடா, உன் பட்டியல் வந்துச்சா?"

நம் பங்கும் இருக்கிறது

கேள்வியை அடுத்தவரிடம் மட்டும் கேட்டால் நியாயம் ஆகாது. நம்மில் சிலர் இயற்கைப் பருத்தி விளைவிக்கிறோம். மருந்தில்லாமல் விளைந்த பஞ்சு, கழிவை ஆற்றில் விடுகிற பட்டறைக்குப் போனால் நாம் பண்ணியதற்கு என்ன அர்த்தம்? ஜி.ஓ.டி.எஸ் என்ற உலகச் சான்று பருத்தியோடு நிற்காமல் சாயமிடும் இடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறது. பஞ்சு வாங்க வருகிறவரிடம், 'இதை எங்கே சாயம் போடுவீங்க' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் இப்படி ஒரு கடிதம் வரலாம். வேண்டாம் என்று எடுத்தவுடன் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் ஊர்த் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்கள் ஆலையின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கே அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கப்பா காலத்து அளவு எங்களிடம் இல்லை. அது இருந்திருந்தால் ஈடு கேட்டுப் போனபோது எங்கள் வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் கனம் இருந்திருக்கும்.

நேற்றுக் காலையில் என் கிணறு 2,750. நோட்டில் எழுதிவிட்டேன்.