வானத்தில் ஒரு படுக்கை – விலை என்ன?

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது நம் வழக்கிலுள்ள பழமொழி. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டையும் ஒருசேர விரும்புவோரைக் கேலி செய்யப் பிறந்தது அது. செலவும் குறைய வேண்டும், சுகமும் குறையக்கூடாது என்னும் பயணியின் ஆசையும் இத்தகையதே. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்தே தருகிறோம் என்று சொல்லி வானில் ஏறிய விமானக் கம்பெனிகள் சில உண்டு. லண்டன், பாரிஸ் நகரங்களிலிருந்து அட்லாண்டிக் மாகடலைக் கடந்து நியூயார்க் செல்லும் தடத்தில் அவை பறந்தன. உலகம் அதிகம் அறியாத பெயர்கள் அவை. பல வீழ்ந்தன, ஒன்று நிலைத்தது. அவை ஏன் தோன்றின, எவ்வாறு விலையைக் குறைத்தன, ஏன் வீழ்ந்தன என்பவற்றைப் பொருளியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க முற்படுகிறேன். விமானத்தில் ஏறியிராதவரும் இதை ஆர்வத்துடன் படிக்கலாம். விமானத்தைவிட விலை என்பதைப் பற்றியே இக்கட்டுரை அதிகம் பேசுகிறது.

வகுப்புகள் பிறந்த கதை

1977-ஆம் ஆண்டில் பிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுன் கட்டணத்தில் ‘ஸ்கைட்ரெயின்’ என்னும் மலிவு விமானத்தை ஓட்டினார். போட்டியைச் சமாளிக்கப் பெரிய கம்பெனிகளும் சலுகைச் சீட்டுகளை விற்றன. விளைவு என்ன? முழுக் கட்டணம் செலுத்திய வணிகரும், அதில் ஒரு பகுதியே செலுத்திய சுற்றுலாப் பயணியும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து ஒரே உணவை உண்டனர். முழுக் கட்டணம் கொடுத்தவர் முணுமுணுக்கத் தொடங்கினார். அவரைத் திருப்திப்படுத்த 1970-களின் இறுதியில் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். அதுவே ‘பிசினஸ் கிளாஸ்’ எனப்படும் வணிக வகுப்பு. லேக்கரின் கம்பெனி 1982-இல் திவாலாயிற்று. அது மறைமுகமாகத் தோற்றுவித்த வகுப்போ வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் வணிக வகுப்பில் முற்றிலும் தட்டையாக விரியும் படுக்கையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அவ்வழியைப் பின்பற்றினர்.

இப்படுக்கைக்குச் சாதாரண வகுப்பைப்போலப் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்களே, அது நியாயந்தானா? இதற்கு விடை காண ஒரு பழைய அறிஞரை நாடவேண்டும். ஜூல் டுப்புய் என்னும் பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர், இரயில் வண்டிகளின் மூன்றாம் வகுப்புக்குக் கூரை போடாதது ஏன் என்பதை 1849-இல் ஆராய்ந்தார். கூரை போடும் செலவுக்கு அஞ்சியன்று என்பது அவர் கண்ட முடிவு. மூன்றாம் வகுப்பு வசதியாக இருந்தால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவரும் அதில் ஏறிவிடுவாரே என்னும் அச்சமே காரணம் என்றார் அவர். ஏழையைத் துன்புறுத்துவது நோக்கமன்று. வசதியுள்ளவரை விரட்டுவதே நோக்கம்! நம் பாடநூல்கள் ‘விலை பேதம் காட்டுதல்’ என்று கூறுவது இதைத்தான்.

விமானத்தில் இது இன்னும் எளிது. வணிக வகுப்புச் சீட்டை வாங்குபவர் பெரும்பாலும் தம் பையிலிருந்து பணம் எடுப்பதில்லை. அவர் பணியாற்றும் நிறுவனமே கொடுக்கிறது. நாளை புறப்பட வேண்டுமென்று இன்று சீட்டுக் கேட்பவருக்கு விலை பார்க்க நேரமுமில்லை, தேவையுமில்லை. ஆகவே அக்கட்டணத்தில் ஒரு பகுதி படுக்கையின் அடக்கவிலை. மற்றொரு பகுதி வாங்குபவரின் சட்டைப்பையை அளந்து வைத்த விலை. இந்த இரண்டாவது பகுதியைத்தான் சிறிய கம்பெனிகள் குறிவைத்தன.

இடத்தின் கணக்கு

படுக்கையின் அடக்கவிலையை ஒரு கற்பனைக் கணக்கினால் பார்ப்போம். ஒரு விமானம் ஒருமுறை கடலைக் கடக்க எல்லாச் செலவும் சேர்ந்து 76 இலட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். உள்ளே 200 சாதாரண இருக்கைகள் இருந்தால் ஒருவருக்கு 38,000 ரூபாய் விழும். அவற்றை அகற்றிவிட்டு 76 படுக்கைகள் போட்டால் ஒருவருக்கு ஓர் இலட்சம். விமானிக்குச் சம்பளம் அதேதான். இறங்கும் கட்டணம் அதேதான். எரிபொருளில் பெரிய மாற்றமில்லை. தலைகள் குறைந்ததால் பங்கு கூடியது, அவ்வளவே. ஆகப் படுக்கையின் நியாயமான விலை சாதாரண இருக்கையைப்போல இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வாங்குவோரைக் குறைந்த விலையால் வெல்லலாம் என்பதே சிறிய கம்பெனிகளின் வாதம். கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்று உண்டு.

200 இருக்கைகளில் 10 காலியாகப் போனால் 3,80,000 ரூபாய் நட்டம். 76 படுக்கைகளில் 10 காலியாகப் போனாலோ 10 இலட்சம்! செலவில் எரிபொருளின் பங்கு 25 இலட்சம் என்று வைத்து, அது இரு மடங்காகிறது என்றும் கொள்வோம். சாதாரணப் பயணியின் தலையில் 12,500 ரூபாய் ஏறும். படுக்கைப் பயணியின் தலையில் ஏறத்தாழ 33,000 ஏறும். பெரிய கம்பெனி ஒரு வகுப்பின் நட்டத்தை மற்றொரு வகுப்பின் இலாபத்தால் ஈடுகட்டும். ஒரு தடத்தில் விட்டதை வேறொரு தடத்தில் பிடிக்கும். ஒரே பண்டத்தை ஒரே தெருவில் விற்பவனுக்கு அந்த வழியில்லை.

நால்வர் கதை

இந்தப் பாடத்தை 2005 முதல் 2008 வரை உலகம் நேரில் கண்டது. 2005-இன் இறுதியில் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து ஈயோஸ், மேக்ஸ்ஜெட் என்னும் இரு அமெரிக்கக் கம்பெனிகள் நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கின. ஏறத்தாழ 200 பேர் செல்லக்கூடிய போயிங் 757 விமானத்தில் ஈயோஸ் வெறும் 48 இருக்கைகளையே வைத்தது. மேக்ஸ்ஜெட் தன் போயிங் 767-இல் 102 இருக்கைகள் வைத்து மலிவையே பெரிதாகப் பேசியது. 2007 ஜனவரியில் லூட்டனிலிருந்து சில்வர்ஜெட்டும், பாரிஸின் ஓர்லியிலிருந்து லாவியோனும் களத்தில் இறங்கின.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2007 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே ஸ்டான்ஸ்டெட்–நியூயார்க் தடத்தில் தன் விமானத்தை விட்டது. எரிபொருளும் பகையாயிற்று. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. ஆனால் அந்த உச்சம் வரும்வரை தாக்குப்பிடிக்கவே மூன்று கம்பெனிகளால் முடியவில்லை. மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில், நின்றது. ஈயோஸ் 2008 ஏப்ரலிலும் சில்வர்ஜெட் மே மாதத்திலும் மூடப்பட்டன. லாவியோனை மட்டும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2008-இல் விலைக்கு வாங்கித் தன் துணை நிறுவனத்தோடு இணைத்துக்கொண்டது. போட்டியாளர் மறைந்தபின் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அதே ஆண்டில் ஸ்டான்ஸ்டெட் தடத்தை விட்டு விலகிற்று என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நிலைத்த ஒன்று

லாவியோனைத் தொடங்கிய பிரான்ட்ஸ் இவ்லின் மனம் தளரவில்லை. 2014 ஜூலையில் ‘லா கொம்பானி’ என்னும் புதிய நிறுவனம் அவர் முயற்சியால் பாரிஸ்–நியூவார்க் தடத்தில் பறந்தது. 757 விமானம், 74 இருக்கைகள். இம்முறை காலம் துணை நின்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தது. 2015-இல் லண்டனுக்கும் விரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக பிரிட்டன் வாக்களித்த 2016-இலேயே, அதனால் எழுந்த நிச்சயமின்மையைக் காரணம் காட்டி, அந்தத் தடத்தை மூடினார்கள். நட்டத்தைக் கௌரவத்துக்காகச் சுமக்காமல் உடனே வெட்டியது நல்ல வணிகனின் செயல். 2019-இல் எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் இரண்டு புதிய ஏர்பஸ் ஏ321 நியோ விமானங்கள் வந்தன. 19 வரிசைகள், வரிசைக்கு 4 வீதம் 76 இருக்கைகள், எல்லாம் முழுப்படுக்கைகள். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் பறப்பு நின்றது. மறு ஆண்டு தொடர்ந்தது. 2022-இல் மிலான் தடமும் சேர்ந்தது.

இதில் குறை இல்லையா? உண்டு. சன்னலோரப் படுக்கையில் இருப்பவர் நள்ளிரவில் எழுந்தால் அடுத்தவர் காலைத் தாண்டித்தான் நடைவழிக்கு வரவேண்டும். பெரிய கம்பெனிகளின் புதிய வணிக வகுப்புகளில் இத்தொல்லை இல்லை. ஆனால் இதன் வாடிக்கையாளர்களில் தம் சொந்தப் பணத்தில் செல்லும் சுற்றுலாப் பயணிகளும் சிறு தொழில் நடத்துவோரும் அதிகம். சொந்தப் பணம் கொடுப்பவர் தேவையற்ற ஆடம்பரத்தைக் கேட்பதில்லை. எட்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அது போதும் என்கிறார். அவருடைய தேவையை அறிந்து அதை மட்டும் விற்றதே இக்கம்பெனியின் திறமை.

பயணி அறியவேண்டியது

பயணச்சீட்டு வாங்குவது சோப்பு வாங்குவது போன்றதன்று. கடையில் காசு கொடுத்ததும் சோப்பு கைக்கு வருகிறது. விமானத்திலோ இன்று பணம் கொடுத்து, மூன்று மாதம் கழித்துப் பறக்கிறோம். அந்த மூன்று மாதமும் நாம் அக்கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள்! அது திவாலானால் ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகள் முன்வரிசையில் நிற்கும்; பயணி கடைசி வரிசையில் நிற்பார். மேக்ஸ்ஜெட்டின் சீட்டை வைத்திருந்தவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் கற்ற பாடம் இதுவே.

மேலும், இரண்டே விமானங்கள் வைத்திருப்பவரிடம் ஒன்று பழுதானால் பாதிக் கம்பெனியே பழுதாகிறது. பெரிய கம்பெனி அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். சிறிய கம்பெனிக்கு அடுத்த விமானம் நாளைக்குத்தான். ஆகவே குறைந்த விலையில் நமக்குக் கிடைக்கும் சலுகையின் ஒரு பகுதி உண்மையான சிக்கனம். மற்றொரு பகுதி, பெரிய கம்பெனி தாங்கியிருக்கும் இடரை நாமே தாங்குவதற்கான கூலி. இதை உணர்ந்து, நாள் தவறினாலும் கெடாத பயணத்துக்கு அச்சீட்டை வாங்குபவர் புத்திசாலி. மறுநாள் காலை நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் வேறு சீட்டு வாங்குவதே நன்று.

நண்பர்களே! எந்தப் பண்டமாயினும் விலை குறைவாக இருக்கும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்கப் பழக வேண்டும். எதைக் குறைத்து இவ்விலையைக் கொண்டுவந்தார்கள்? குறைத்தது வீண் செலவையா, நம் பாதுகாப்பையா? நாளை அவருக்குக் கெட்டகாலம் வந்தால் நட்டம் யாருடையது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் கூழுக்கும் மீசைக்கும் ஒருங்கே ஆசைப்படுவதில் தவறொன்றுமில்லை என்பது என் கருத்து.