தீபாவளியும் குழந்தைகளும்

தீபாவளி குழந்தைகளின் பண்டிகை. அவர்களுடைய ஆனந்தத்தைக் குறைக்க வேண்டுமென்பது நமது நோக்கமன்று. அது ஆஸ்பத்திரியில் முடியலாகாது என்பதே நமது கவலை. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் அருகே செல்லும் இரும்புலியூர் போன்ற ஊர்களில், வீடுகள் நெருங்கிய குறுகிய தெருவே குழந்தைகள் பட்டாசு கொளுத்தும் இடமாதலின், இதுபற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அவசியமாகிறது.

2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார், தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரமே அனுமதித்தனர். தமிழ்நாட்டு சர்க்கார் அதனைக் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையுமெனப் பகுத்தனர். சட்டம் நேரத்தை வரையறுக்கலாம். வாசலில் நிற்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள அதனால் இயலாது. அது வீட்டாரின் கடமை.

அக்கடமையில் நாம் தவறுவது பெரும்பாலும் அணுகுண்டு வெடியிலன்று, கம்பி மத்தாப்பில்தான். 'இது ஒன்றும் செய்யாது' என்று மூன்று வயதுக் குழந்தையின் கையில் அதனைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் உள்ளே போய்விடுகின்றனர். கொதிக்கும் நீரின் உஷ்ணம் 100 டிகிரி. எரியும் மத்தாப்பின் உஷ்ணமோ 1000 டிகிரியை எட்டக்கூடியது. ஒரு பொறி பட்டால் நைலான் பாவாடை உருகிச் சருமத்தோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஆடையே தக்கது. அணைந்த கம்பியும் சுடும். அதைத் தரையில் எறிந்தால், வெறுங்காலுடன் ஓடிவரும் மற்றொரு குழந்தை மிதித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து அதில் போடுவது எவ்வளவு சுலபம்!

மறுநாட் காலையில் வேறோர் அபாயம் காத்திருக்கிறது. வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது சிறுவர் வழக்கம். கண்ணுக்கு ஆபத்து இதனினும் வேறு வேண்டுவதில்லை.

தப்பித்தவறித் தீப்பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் புண்ணின்மீது ஓடவிட வேண்டும். மையோ, மஞ்சளோ, பற்பசையோ தடவலாகாது, ஐஸும் வைக்கலாகாது. காயம் பெரிதாயினும், முகத்திலோ கையிலோ பட்டிருப்பினும், தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பொதுக்கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் தொண்டர்களைத் திரட்டத் தெரிந்த நம் நண்பர்கள், தீபாவளியன்று தெருவுக்கு இருவரைத் திரட்ட இயலாதா? மாலையில் தண்ணீரும் மணலுமாக அவர்கள் நிற்கட்டும். மறுநாள் விடியுமுன் வெடிக்காதவற்றைப் பொறுக்கித் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்தட்டும். தேசத்தின் நாளைய பிரஜைகளைக் காக்கும் இத்தொண்டு எத்தொண்டுக்கும் குறைந்ததன்று.